அது வெறும் போல்ட் முடுக்குற வேலையா?

கேள்வி: என் மகன் டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டு ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் நாலு வருஷமாக வேலை பார்க்கிறான். கென்யாவில் தீக்கா என்ற ஊரில் உள்ள வண்டி அசெம்பிளி தொழிற்சாலைக்கு இப்போது கூப்பிடுகிறார்கள். "பெட்டியில வர்றதைப் பிரிச்சுப் போல்ட் முடுக்குற வேலை, அதுக்குக் கடல் தாண்டணுமா?" என்கிறார் என் அண்ணன். அனுப்பலாமா ஐயா?
- ஒரு தாய், வாலாஜாபேட்டை

பதில்: அம்மா, வண்டிப் பாகங்கள் வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வருகின்றன என்று உங்கள் அண்ணன் சொல்வது உண்மைதான். 'வெறும்' என்ற வார்த்தையைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு லாரித் தொழிற்சாலையின் அசெம்பிளி லைனில் 27 வருஷம் நின்றவன் நான். காட்பாடிக்கு வந்து உட்கார்ந்த பிறகும் ரோட்டில் லாரி போனால் அதன் அடியைத்தான் கண் தேடும்.

தீக்கா, நைரோபியிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கிறது. அன்னாசித் தோட்டங்களுக்குப் பேர் போன ஊர். அங்கே 1974-ல் கென்ய அரசும் இங்கிலாந்தின் லேலண்டும் கூட்டுச் சேர்ந்து 'லேலண்ட் கென்யா'வைத் தொடங்கின. 1989-ல் அதன் பெயர் கென்யா வெஹிக்கிள் மேனுஃபேக்சரர்ஸ் என்று மாறியது. அதே எழுபதுகளில் மொம்பாசாவில் ஒன்று, நைரோபியில் ஜெனரல் மோட்டார்ஸ் ஒன்று என்று ஆக மூன்று ஆலைகள் வந்தன. நைரோபி ஆலையில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு இருந்த பங்கை 2017-ல் இசுசு வாங்கிக்கொண்டது. தீக்காவில் 2016 டிசம்பரில் ஃபோக்ஸ்வேகனின் போலோ விவோ கார் பூட்டத் தொடங்கினார்கள். பூட்டுவது என்றால் பாகங்களைச் சேர்த்து வண்டியாக்குவது.

லேலண்ட் என்றதும் உங்களுக்கு எண்ணூர் ஞாபகம் வந்திருக்கும். 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று ஆரம்பித்தபோது அங்கேயும் பெட்டியில் வந்த ஆஸ்டின் கார்களைப் பூட்டத்தான் செய்தார்கள். லேலண்டோடு கைகோத்து லாரிக்குப் போனது அதற்கப்புறம். 1955-ல்தான் அசோக் லேலண்ட் என்ற பெயர் வந்தது. நடுவில் 1953-ல் நம் நாட்டின் சுங்கவரிக் குழு, இங்கேயே பாகம் செய்யும் திட்டம் இல்லாமல் பூட்டி மட்டும் விற்கிற கம்பெனிகள் கடையைக் கட்டலாம் என்று சொல்லிவிட்டது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கிளம்பிப் போயின. தங்கியவர்கள் பாகம் செய்தே ஆகவேண்டிய நிலை. சோளிங்கரில் பிரேக்ஸ் இந்தியாவின் வார்ப்பு ஆலை, ராணிப்பேட்டையில் உங்கள் பிள்ளை நிற்கிற மிஷின் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான்.

கென்யாவுக்கு அந்த வாய்ப்பு பாதியில் நழுவியது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இறக்குமதிக் கதவைத் திறந்துவிட்டார்கள். அங்கேயும் நம்மைப் போல இடப்பக்கம் ஓட்டுகிற வழக்கம், ஜப்பானிலும் அப்படியே. ஜப்பானில் ஓடிக் கழித்த கார்கள் கப்பல் கப்பலாக மொம்பாசாவில் இறங்கின. பழைய கார் பாதி விலைக்குக் கிடைக்கும்போது தீக்காவில் பூட்டிய புதுக் காரை யார் வாங்குவார்? எட்டு வருஷத்துக்கு மேற்பட்ட வண்டி வரக்கூடாது என்று வைத்த வரம்பும் போதவில்லை. ஆலைகளின் கொள்ளளவு பெரும்பாலும் சும்மா கிடந்தது. இதை எழுதும்போதே எனக்கு வயிறு எரிகிறது. ஆனால் லாரியும் பஸ்ஸும் அந்த ஆலைகளைத் தாங்கின. பெட்டியில் வரும் உதிரித் தொகுதிக்கு இறக்குமதி வரி இல்லை, முழு வண்டிக்கு 25 சதவீதம் என்று அப்போது இருந்த வித்தியாசமும் கைகொடுத்தது. லீஃப் ஸ்பிரிங், பேட்டரி, சீட் எல்லாம் அந்த நாட்டிலேயே செய்கிறார்கள். சேஸிஸ் என்கிற அடிச்சட்டத்தின் மேல் பஸ் பாடி கட்டுவதும் உள்ளூர்க்காரர்கள்தான்.

இனி அந்தப் போல்டைப் பற்றி. எஞ்சினின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகிற தண்டுதான் ப்ரொபெல்லர் ஷாஃப்ட். அதை கியர்பாக்ஸோடு சேர்க்கிற இடத்தில் நாலு போல்ட். போதுமான அளவு முடுக்கியதும் சத்தம் கொடுக்கிற டார்க் ரெஞ்ச் 'டிக்' என்று சொல்கிற வரை இழுக்கணும், பிறகு போல்ட் தலையிலிருந்து அது உட்காருகிற ஃபிளாஞ்சுத் தட்டு வரைக்கும் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு. கோடு இருந்தால் முடுக்கியாச்சு என்று அர்த்தம். ஒரு நாள் ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் ஒரு பையன் முதலில் நாலுக்கும் கோடு போட்டுவிட்டான். ரெண்டை முடுக்குவதற்குள் சங்கு ஊதிவிட்டது. அடுத்த ஷிஃப்டில் வந்த நான் கோட்டைப் பார்த்து லைனை நகர்த்தினேன். டெஸ்ட் டிராக்கில் ஷாஃப்ட் அறுந்து தரையில் இடித்தது. டிரைவர் பிழைத்தார், கால் பிழைக்கவில்லை. அன்று முதல் கோட்டைப் பார்த்து நான் எதையும் விட்டதில்லை, கையை வைத்துப் பார்த்துத்தான் விடுவேன். மூவாயிரம் மைல் தள்ளி இன்னொருவன் செய்த பாகம் பெட்டியில் வந்து இறங்குகிறது. அது சரியாகப் பொருந்துகிறதா என்று சொல்லும் கடைசி ஆள் பூட்டுகிறவன்தான் அம்மா.

அதனால் போகட்டும். போகுமுன் நாலு காரியம். ஏஜென்ட் வழியாகப் போனால் அவருக்கு வெளியுறவு அமைச்சகப் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். சம்பளம், தங்குமிடம், திரும்பி வரும் டிக்கெட் எல்லாம் ஒப்பந்தக் காகிதத்தில் வரட்டும். சுற்றுலாப் பயணி என்று சொல்லி ஏற்றினால் ஏறவே வேண்டாம். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்னதாக. அந்தச் சான்றிதழ் இல்லாவிட்டால் திரும்பி வரும்போது நம் விமான நிலையத்திலேயே தனிமையில் வைத்துவிடுவார்கள்.

கேள்வி: வண்டி அசெம்பிளியில் சி.கே.டி., எஸ்.கே.டி. என்று இரண்டு சொல்கிறார்களே, என்ன வித்தியாசம்?
- பாலிடெக்னிக் மாணவர், குடியாத்தம்

பதில்: தம்பி, சி.கே.டி. என்றால் முழுக்கப் பிரித்தது. கேபின் தகடுகள் தனித்தனியாக வரும். அங்கேயே வெல்டிங், பெயிண்ட், பூட்டு எல்லாம் நடக்கணும். எஸ்.கே.டி. என்றால் பாதி பிரித்தது. பெயிண்ட் அடித்த பாடி, சேர்த்து வைத்த எஞ்சின், கியர்பாக்ஸ், பூட்டினால் போதும். வேலை எதில் அதிகமோ அதற்கு வரி குறைவு. நைஜீரியா 2013-ல் அறிவித்த கொள்கையில் சி.கே.டி.க்கு வரியே இல்லை, எஸ்.கே.டி.க்கு 5 அல்லது 10 சதவீதம், முழுக் காருக்கு 35 சதவீத வரியும் அதன் மேல் 35 சதவீதக் கூடுதல் தீர்வையும் வைத்தார்கள். தீர்வையைப் பிற்பாடு குறைத்தார்கள்.

அந்த நாட்டில் நெவி (Nnewi) என்று உதிரிபாகச் சந்தைக்குப் பெயர் பெற்ற ஊர் இருக்கிறது. மோட்டார் சைக்கிள் பாகம் விற்றுக்கொண்டிருந்த இன்னொசென்ட் சுக்வுமா என்பவர் அங்கே கட்டிய இன்னொசன் வண்டித் தொழிற்சாலையை 2010-ல் அந்நாட்டு அதிபர் திறந்து வைத்தார். உனக்கு எங்கேயாவது வேலை வந்தால் முதல் கேள்வியாக, "உங்க ஆலையில வெல்டிங் ஷாப் இருக்கா, பெயிண்ட் ஷாப் இருக்கா?" என்று கேள். இரண்டும் இருந்தால் கற்றுக்கொள்ள நாலைந்து வருஷத்துக்கு விஷயம் உண்டு. இல்லையென்றால் ஆறே மாசத்தில் எல்லாம் கைக்கு வந்துவிடும்.