மகன் சம்பாதித்தால் அம்மாவுக்குக் கவுன்சில் மானியம் கிடையாதா?

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன; மேல்மாடியில் உள்ள குளியலறைக்கு ஏற முடியவில்லை. வீடு என் பெயரில் இருக்கிறது, நான் முழுநேர வேலை செய்கிறேன். இங்கிலாந்தில் வீட்டை மாற்றியமைக்கக் கவுன்சில் பணம் தருமா? கூரை ஒழுகுவதற்கும் கேட்கலாமா?

பதில்: அம்மாவுக்காகக் கேட்கலாம், நீங்கள் சம்பாதிப்பது அதற்குத் தடையில்லை. 2018 இல் இதை எனக்கு யாராவது சொல்லியிருந்தால் 6,400 பவுண் என் கையை விட்டுப் போயிருக்காது. வழக்கமாக இங்கே வாசித்துவிட்டுப் போகிறவன் இன்று உட்கார்ந்து எழுதுவதற்கு அந்தத் தொகைதான் காரணம்.

நான் சட்டத்தரணியல்ல, கவுன்சிலில் வேலை செய்பவனும் அல்ல. ஸ்கொட்லாந்தில் நடைமுறை வேறு. எங்கள் அம்மா 1998 இல் இங்கு வந்து பிரித்தானியக் குடியுரிமை பெற்றவர். உங்கள் அம்மாவின் விசா நிலை வேறாக இருந்தால் எதற்கும் விண்ணப்பிக்கும் முன்பு தகுந்த ஆலோசனை பெறுங்கள். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் கீழே ஒருவர் வந்து அதைத்தான் எழுதுவார்.

நீங்கள் கேட்க வேண்டிய உதவியின் பெயர் ‘டிஸேபிள்ட் ஃபெஸிலிட்டீஸ் கிராண்ட்’. இயலாமை உள்ளவருக்கு ஏற்றபடி வீட்டை மாற்றியமைக்க, 1996 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், தகுதியுள்ளவருக்குக் கவுன்சில் கட்டாயம் கொடுக்க வேண்டிய மானியம் இது. பணம் தீர்ந்துவிட்டது என்பதைக் காரணமாகச் சொல்லி மறுக்க முடியாது. உச்ச அளவு இங்கிலாந்தில் 30,000 பவுண், வேல்ஸில் 36,000 பவுண். வருமானச் சோதனை உண்டு, ஆனால் அது இயலாமை உள்ளவரையும் அவருடைய கணவர் அல்லது மனைவியையும் மட்டுமே பார்க்கும். வீடு மகன் பெயரில் இருந்தாலும் மகனுடைய சம்பளம் அந்தக் கணக்கில் வராது. சேமிப்பில் முதல் 6,000 பவுணை விட்டுவிடுவார்கள். குறைந்த வருமானமுள்ள முதியோருக்கு அரசு தரும் பென்ஷன் கிரெடிட்டின் உத்தரவாதப் பகுதி அம்மாவுக்குக் கிடைக்கிறதென்றால் அவர் பங்காக எதுவும் கட்ட வேண்டியதில்லை.

இது எதுவும் எனக்குத் தெரியாது. 2018 ஒக்டோபரில் அம்மா மாடிப்படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, மூன்று வாரம் மருத்துவமனையில் இருந்தார். எங்களுடையது 1930களில் கட்டிய செமி டிட்டாச்ட் வீடு. லண்டனில் இருப்பவர்களுக்கு அதன் அமைப்பைச் சொல்லத் தேவையில்லை: கீழே இரண்டு அறையும் சமையலறையும், பதின்மூன்று படி ஏறினால் குளியலறை. அம்மாவின் கட்டிலை முன் அறைக்கு இறக்கி, பக்கத்தில் கழிப்பறைக்குப் பதிலாக ஒரு கொமோட் கதிரையை வைத்தோம். வாழ்நாள் முழுவதும் வெள்ளிக்கிழமை தலைமுழுகாமல் விளக்கேற்றாதவர், முன் அறையில் திரைச்சீலைக்குப் பின்னால் ஈரத் துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டு இருந்தார். யாராவது பார்க்க வருவதாகச் சொன்னால், முதலில் அந்தக் கதிரையைப் பின்பக்கம் கொண்டுபோகச் சொல்வார். அவர்கள் போகும்வரை தேநீர் குடிக்கமாட்டார். ஏன் என்று எனக்குப் பல நாள் விளங்கவில்லை. தொலைபேசியில் தினமும் ஆலோசனை சொன்ன ரொறன்ரோத் தம்பிக்கு இன்றுவரை விளங்கவில்லை. அதை வேறொரு கேள்விக்கு வைத்துக்கொள்கிறேன்.

கவுன்சிலுக்கு விண்ணப்பிப்போமா என்று மாமாவிடம் கேட்டேன். “உனக்கு நல்ல சம்பளம், அவங்கள் ஒரு சதமும் தரமாட்டாங்கள்” என்றார். ஆனாலும் மருத்துவமனை அனுப்பிய கடிதத்தின் பேரில், ஓ.டி. என்று எல்லோரும் சொல்லும் தொழில்வழிச் சிகிச்சையாளர் ஏழு வாரம் கழித்து வந்தார். நல்ல பெண். அம்மாவை எழுந்து நடக்கச் சொல்லிப் பார்த்து, கீழே பின்பக்கச் சாமான் அறையை அளந்து, தரையோடு தரையாக ஒரு ஷவர் அறை அங்கே அமைக்கலாம், விண்ணப்பப் படிவம் பின்னால் வரும் என்றார். நான்கு வாரமாகியும் வரவில்லை. தெரிந்த பில்டர் ஒருவர் பத்து நாளில் முடித்துத் தருவதாகச் சொன்னார். நான் சரி என்றேன்.

கவுன்சிலின் மானியப் பிரிவு அதிகாரி வீட்டைப் பார்க்க வந்த அன்று டைல் ஒட்டி முடிந்து, அம்மா இரண்டு முறை குளித்தும்விட்டார். அவர் அறையைப் பார்த்தார், வேலை சுத்தமாக இருப்பதாகச் சொன்னார், பிறகு கையிலிருந்த கோப்பை மூடிவிட்டார். ஒப்புதல் வருவதற்கு முன்பு தொடங்கிய வேலைக்கு மானியம் கிடையாது; பாதியில் நிற்கும் வேலையென்றால் தக்க காரணம் காட்டி ஒப்புதல் பெற ஒரு சிறு வாசல் உண்டு, முடிந்துவிட்டால் அதுவும் மூடிவிடும். அது அதிகாரியின் மனப்போக்கு அல்ல, சட்டத்தின் 29 ஆம் பிரிவே அப்படித்தான் சொல்கிறது. நான் நான்கு பக்கத்தில் முறைப்பாடு எழுதினேன், அரைப் பக்கத்தில் பதில் வந்தது. முதலில் அனுப்பிய கடிதத்தின் பின்பக்கத்தில் இந்த எச்சரிக்கை இருப்பதாக அதில் எழுதியிருந்தார்கள். எடுத்துப் பார்த்தேன், இருந்தது. இருந்தாலும், நடக்க முடியாத ஒருவரின் வீட்டுக்கு வந்து கதவின் அகலம்வரை அளந்தவர்கள், “தொடங்கிவிடாதீர்கள்” என்று வாயால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்பதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்தில்லை.

மறு ஆண்டு, மேல்மாடியில் இருந்த தம் அறைக்கும் சாமிப்படங்களுக்கும் போக வேண்டும் என்று அம்மா சொல்லத் தொடங்கியபோது, மாடிப்படியோரம் ஆளை உட்காரவைத்து ஏற்றி இறக்கும் ஸ்டெயர் லிஃப்டுக்கு முறைப்படி விண்ணப்பித்தேன். ஓ.டி.யின் பரிந்துரை, இரண்டு விலைமதிப்புகள், பென்ஷன் கிரெடிட் கடிதம், அம்மா ஐந்தாண்டுகள் இதே வீட்டில் வசிப்பார் என்பதற்கு என் கையொப்பம் ஆகியவற்றைக் கேட்டார்கள். ஐந்தாம் மாதம் ஒப்புதல் வந்தது. அம்மாவும் கட்டவில்லை, நானும் கட்டவில்லை.

முழுமையான விண்ணப்பம் கையில் கிடைத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் கவுன்சில் எழுத்தில் முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டம். ஓ.டி.க்காகக் காத்திருக்கும் வாரங்கள் அந்த ஆறு மாதத்தில் சேராது என்பதை யாரும் உங்களுக்குச் சொல்லமாட்டார்கள். ஆகவே முதல் அழைப்பிலேயே விண்ணப்பப் படிவத்தையும் கேளுங்கள், கேட்ட தேதியை எழுதி வையுங்கள். ஒப்புதல் தந்த பின்பும், விண்ணப்பித்த நாளிலிருந்து பன்னிரண்டு மாதம் வரை பணம் கொடுப்பதைத் தள்ளிவைக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. ஆறு மாதம் தாண்டியும் பதில் இல்லையென்றால் கவுன்சிலிடம் முறைப்பாடு செய்து, அது சரிவராவிட்டால், கவுன்சில்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் உள்ளாட்சி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம்.

வீடு உங்களுடையது என்பதால் இன்னொன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மானியம் 5,000 பவுணைத் தாண்டினால், தாண்டிய தொகையில் 10,000 பவுண் வரை வீட்டின் மீது பதிவுசெய்து, பத்தாண்டுகளுக்குள் நீங்கள் விற்றால் திருப்பிக் கேட்கக் கவுன்சிலுக்கு உரிமை உண்டு. எங்கள் லிஃப்ட் அந்த எல்லைக்குள் இருந்ததால் அந்தப் பேச்சே எழவில்லை. ஷவர் அறை என்றால் எழலாம்.

படிக்கு இரண்டாவது கைப்பிடி, கழிப்பறைச் சுவரில் பிடிகம்பி போன்ற, 1,000 பவுணுக்கு உட்பட்ட சிறு மாற்றங்கள் தேவையென்று மதிப்பீட்டில் தெரிந்தால் இங்கிலாந்தில் இலவசம். அவற்றுக்கு இந்த மானிய விண்ணப்பம் வேண்டாம், இன்றே கேளுங்கள். கீழே அம்மாவுக்கென்று இரண்டாவது குளியலறை வந்துவிட்டால் வீட்டின் மதிப்பை வைத்துப் பட்டை பட்டையாகப் பிரித்துப் போடும் கவுன்சில் வரியில் ஒரு பட்டை குறைத்துப் போடச் சொல்லியும் விண்ணப்பிக்கலாம். எங்களுக்குக் குறைத்தார்கள், நான் கட்டிய அறைக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அதுதான்.

கூரை வேறு கதை. பழுதுபார்ப்புக்கு இப்போது கட்டாய மானியம் இல்லை. 2002 ஆம் ஆண்டின் ஆணைக்குப் பிறகு அது ஒவ்வொரு கவுன்சிலின் விருப்பம். அவர்கள் வெளியிட்டிருக்கும் வீட்டு உதவிக் கொள்கையை வாங்கிப் பாருங்கள். சில இடங்களில் மானியமும், சில இடங்களில் வீட்டை விற்கும்போது திருப்பித் தரும் கடனும் இருக்கும். அங்கே பெரும்பாலும் வீட்டுக்காரரின் வருமானத்தைத்தான் பார்ப்பார்கள் என்பதால், முழுநேர வேலையில் இருக்கும் நீங்கள் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

வீடு வைத்திருப்பவன் வரிப்பணத்தில் கை நீட்டுகிறான் என்று எழுத ஒருவர் காத்திருப்பார். அம்மா இந்த நாட்டில் பதினான்கு ஆண்டுகள் ஒரு மருத்துவமனையின் சலவைப் பகுதியில் நின்று வேலை செய்தவர். மானியம் அவருடைய காலுக்கு, என் வீட்டுக்கு அல்ல.

அந்த அம்மா இப்போது கோயிலில் காண்போரிடமெல்லாம், கவுன்சில்காரர் வந்து அளந்து எவ்வளவு அருமையான குளியலறை கட்டித் தந்திருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். பில்டரின் 6,400 பவுண் பற்றுச்சீட்டு என் மேசை லாச்சியில் இருக்கிறது. நான் எதுவும் சொல்லவில்லை.