கல்லீரல் அறுவைக்கு நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டும் என் கணவருக்கு 52 வயது. பல வருஷமாக ஹெப்படைடிஸ் பி. இப்போது கல்லீரலில் 4 சென்டிமீட்டர் புற்றுக்கட்டி. தனியாரில் அறுவைக்கு 60,000 வெள்ளி (ரிங்கிட்) மதிப்பீடு கொடுத்திருக்கிறார்கள். மெடிக்கல் கார்டு (மருத்துவக் காப்புறுதி) இல்லை. வேலையை விட்டுவிட்டு, சேமநிதி (இபிஎஃப்), நகை எல்லாம் போட்டு உடனே செய்துவிடலாமா?

பதில்: அம்மா, பணம் கட்டுமுன் ஒன்று தெரிந்தாக வேண்டும்: கட்டியை வெட்டி எடுக்க அவர் கல்லீரல் இடம் கொடுக்குமா? நல்ல கல்லீரலில் பாதிக்கு மேல் எடுத்தாலும் மிச்சம் வளர்ந்துவிடும். ஹெப்படைடிஸால் இறுகிப்போன கல்லீரலில் சுமார் 40 விழுக்காடாவது மிஞ்ச வேண்டும். காமாலையோ வயிற்றில் நீரோ இருந்தால் கத்தி வைப்பதே ஆபத்து. அப்போது கட்டியைச் சூட்டால் கருக்குவது, அதற்குப் போகும் இரத்தக் குழாயை அடைத்து மருந்து செலுத்துவது என்று வழி மாறும், செலவும் மாறும்.

அந்த 60,000-இல் என்ன அடக்கம் என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அறுவையும் சில நாள் வார்டும்தான். பித்தநீர் கசிந்தாலோ இரத்தம் நிற்காவிட்டாலோ ஐசியு, மறு ஸ்கேன் என்று பில் ஏறும். பாதியில் பணம் தீர்ந்தால், அந்த நிலையில் ஆளை வேறு மருத்துவமனைக்கு மாற்றுவது மிகக் கடினம். நான் மிகவும் பயப்படுவது இதற்குத்தான்.

கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில்) பரிந்துரைக் கடிதம் வாங்கி, ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை வழியாகச் செலாயாங் மருத்துவமனைக்குப் போகப் பாருங்கள். கல்லீரல், பித்தப்பை, கணைய அறுவைக்கு நாடளாவிய பரிந்துரை மையம் அது. பத்துமலைக்குப் பக்கம். அரசாங்கக் கட்டணத்தில் ஸ்பெஷலிஸ்ட் மறுவருகைக்கு 5 வெள்ளி, மூன்றாம் வகுப்பு வார்டு நாளுக்கு 3 வெள்ளி. காத்திருப்பு நீளும் என்றால், அங்கேயே முழுக் கட்டண நோயாளி திட்டம் (அரசாங்க உதவித்தொகை இல்லாமல் முழுச் செலவையும் நாமே கட்டுவது) பற்றி விசாரியுங்கள்.

வேலையை மட்டும் விட வேண்டாம். பலரும் செய்யும் பெரிய தவறு இதுதான். மருத்துவமனையில் சேர்ந்தால் வேலைச் சட்டப்படி வருஷத்துக்கு 60 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு. பிறகு வேலைக்கே திரும்ப முடியாது என்றால் சொக்சோவின் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின்) இயலாமை ஓய்வூதியம் இருக்கிறது. முழு ஓய்வூதியத்துக்கு முந்தைய 40 மாதத்தில் 24 மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும். ராஜினாமா செய்தால் சந்தாவும் அன்றோடு நிற்கும்.

ரயில், தங்குமிடம், சாப்பாட்டுக்குக் கைக்காசு வேண்டும். 50 வயது தாண்டியவர் என்பதால் சேமநிதியின் செஜாத்தெரா கணக்கிலிருந்து நோய்க் காரணம் காட்டாமலே எடுக்கலாம். முதலில், எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய ஃபிளெக்சிபல் கணக்கைத் தொடுங்கள். எஸ்டிஆர் (அரசாங்க ரொக்க உதவி) பெறும் குடும்பமென்றால், குறைந்த வருமானக்காரர்களுக்கான பெகா பி40 சுகாதாரத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சைக்கு 1,000 வெள்ளி, பயணத்துக்கு 500 வெள்ளி வரை கிடைக்கும். சிகிச்சை தொடங்குமுன்பே மருத்துவமனைச் சமூகப்பணி அலுவலரிடம் மனுவைக் கொடுத்துவிடுங்கள். நகை கடைசியில்தான். அடகுக் கடையில் மாதம் 2 விழுக்காடு வட்டி வரை போகும், 6 மாதத்தில் மீட்க வேண்டும். ஆலோங் (சட்டவிரோத வட்டிக்காரர்) பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள்.

செலாயாங் போகும்போது ஸ்கேன் அறிக்கையோடு, படங்கள் பதிந்த குறுந்தட்டையும் (சிடி) கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். அறிக்கை மட்டும் இருந்தால் ஸ்கேனைத் திரும்ப எடுக்கச் சொல்வார்கள், வாரங்கள் போய்விடும். நீங்களும் பிள்ளைகளும் ஹெப்படைடிஸ் பி-க்கு இரத்தம் சோதித்துக்கொள்ளுங்கள்.