ஆய்வகக் கருவியைக் கணினியோடு இணைப்பது என்றால் என்ன? பி.எஸ்சி. மாணவிகள் இதை ஏன் கற்க வேண்டும்?

வெப்பத்தையோ ஒளியையோ ஓர் உணரி மின்னழுத்தமாக மாற்றும். கணினிக்கு எண் மட்டும்தான் புரியும் என்பதால், அந்த அழுத்தத்தை எண்ணாக்கித் தர நடுவில் ஒரு சுற்று வேண்டும். மளிகைக்கடை எலக்ட்ரானிக் தராசில் பருப்பின் எடை எண்ணாக வருகிறதே, அதேதான்.

எல்எம்35 என்ற வெப்பநிலை உணரி ஒரு டிகிரி செல்சியஸுக்கு 10 மில்லிவோல்ட் தரும். அதை எண்ணாக்கித் தரும் ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு மின்சுற்றுப் பலகை 5 வோல்ட்டை 1024 படிகளாகப் பிரிக்கும். ஒரு படி சுமார் 4.9 மில்லிவோல்ட். ஆக, அரை டிகிரிக்குக் குறைந்த மாற்றம் அதன் கண்ணில் படாது. இந்தக் கணக்கை மாணவியே போட்டுப் பார்த்துவிட்டால் எந்த அளவீட்டையும் அப்படியே நம்ப மாட்டாள். அப்புறம், வெந்நீர் ஆற ஆறத் திரையில் கோடு வளைந்து இறங்குவதைப் பார்ப்பது தனி மகிழ்ச்சி. கம்பிகளையும் அவளே இணைக்கட்டும், உதவியாளர் வேண்டாம்.

இது கணினி அறிவியல் படிப்பவர்களுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள்; உண்மையில் இதற்குச் சில வரி நிரல் போதும், மீதியெல்லாம் இயற்பியல்தான்.