அடுக்களை கேள்வி: ஒரு லட்சம் போட்டு டிஷ்வாஷர் வாங்கலாமா?

கேள்வி: அக்கா, நாங்க பாளையங்கோட்டை பெருமாள்புரத்துல சொந்த வீட்டுல இருக்கோம், ஒரு தளந்தான், மொட்டைமாடில டேங்கு. நான், அவுக, அத்தை, மாமா, ரெண்டு பிள்ளைய. ஏனம் கழுவ வந்துக்கிட்டு இருந்தவுக முட்டிவலின்னு நின்னுட்டாவ. நல்ல டிஷ்வாஷரா ஒன்னு வாங்கிருவோம், ஒரு லட்சம் ஆனாலும் பரவால்லன்னு இவுக சொல்லுதாவ. ஜெர்மனில இருக்க கொழுந்தன் மீலே கம்பெனி மிஷின்தான் வாங்கணுங்காரு, கடைக்காரரு போஷ் போதுங்காரு. அத்தைக்கு மீன் சட்டியும் சோதி (தேங்காப்பால் காய்க் குழம்பு) வச்ச ஏனமும் ஒரே மிஷின்ல கெடக்குமேன்னு மனசு ஒப்பல. கார்ப்பரேஷன் தண்ணியும் வருது, போர் தண்ணியும் இருக்கு. எத வாங்கட்டும்?

பதில்: தங்கச்சி, கம்பெனி பேர அப்புறம் பாப்போம், மொதல்ல உங்க டேங்குல என்ன தண்ணி இருக்குன்னு சொல்லுங்க. ஏன் இப்பிடி கேக்கேன்னா, நான் மொத மிஷின் வாங்குனப்ப மாட்ட வந்த பையன் "நம்மூரு தண்ணிக்கு செட் பண்ணியாச்சு மேடம்"னு சொல்லிட்டுப் போனான், நானும் நம்பிட்டேன், ரெண்டு மாசத்துல எவர்சில்வர் தம்ளர் பூரா திருநீறு பூசுன மாதிரி வெள்ளையா வந்து நிக்குது, துணி வச்சு தொடச்சா போவுது, காய்ஞ்சா மறுபடியும் வருது. கம்பெனிக்கு போன் போட்டு போட்டு ஓஞ்சு, கடைசில வேற ஒரு மெக்கானிக் வந்து பாத்தா தண்ணியோட கடினத்துக்கு ஏத்த மாதிரி வைக்க வேண்டிய உப்பு செட்டிங் பூஜ்யத்துலயே இருந்துருக்கு. போர் தண்ணி ரெண்டு மாசமா அப்பிடியே உள்ள போயிருக்கு. அன்னைக்கு எனக்கு வந்த ஆத்தாமை இன்னும் போவல, அதனாலதான் இவ்வளவு நீட்டி சொல்லுதேன்.

மிஷினுக்குள்ள தண்ணிய மென்மையாக்குறதுக்கு ஒரு பிசின் டப்பா இருக்கு, தண்ணில இருக்க கால்சியம் மெக்னீசியத்த அது பிடிச்சு வச்சுக்கிடும், நெறஞ்சதும் நாம போடுற உப்புதான் அத கழுவி மறுபடி தயாராக்கும். அதனால டிஷ்வாஷர் உப்புன்னு விக்கிற கல்லு உப்புதான் போடணும், சாப்பாட்டு தூள் உப்பு போட்டா அதுல கட்டியாகாம இருக்க சேக்குறது பிசினுக்கு ஆவாது. உப்பு போட்ட கையோட ஒரு வாஷ் ஓட்டிருங்க, இல்லன்னா வழிஞ்ச உப்புத் தண்ணி உள்ள ஸ்டீல அரிச்சுரும்.

தண்ணி எவ்வளவு கடினம், அதாவது இந்த கால்சியம் மெக்னீசியம் எவ்வளவு இருக்குன்னு தெரிய குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துல குடுத்து பாக்கலாம். டிடிஎஸ் மீட்டர் வச்சு பாத்துட்டு முடிவு பண்ணாதீய, அது மொத்த உப்பக் காட்டும், கடினத்த தனியா காட்டாது. ரிப்போர்ட்டுல லிட்டருக்கு எத்தன மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்னு போட்டிருக்கும், அத 18 ஆல வகுத்தா மேனுவல்ல °dH னு போட்டிருக்க ஜெர்மன் கடினக் கணக்கு வந்துரும். 540 ன்னு வந்தா 30. போஷ்ல 50 வரைக்கும் தாங்குற செட்டிங் இருக்கு, அதுக்கு மேல போற போர் தண்ணின்னா வீட்டுக்கே தனியா ஒரு சாஃப்ட்னர் வைக்காம எந்த மிஷினும் வாங்காதீய. கார்ப்பரேஷன்ல வர்ற தாமிரபரணி ஆத்துத் தண்ணி மட்டும் தனி லைன்ல குடுக்க முடிஞ்சா அதுக்கு மேல ஒன்னும் வேண்டாம், ஆனா அந்த தண்ணிக்கு செட்டிங்க கம்மியா வைங்க, தண்ணி ரொம்ப மென்மையாயிட்டா கண்ணாடி தம்ளர் நாளாவட்டத்துல மங்கும். மங்குனது உப்பா, கண்ணாடியே அரிச்சதான்னு தெரியணும்னா வினிகர் தொட்டு தொடச்சுப் பாருங்க, போயிட்டா உப்பு, போவலன்னா கண்ணாடியே அரிச்சது, அது பழையபடி ஆவாது.

அடுத்தது பிரஷர். இத கடைல ஒருத்தரும் சொல்ல மாட்டாவ. டேங்கு 10 மீட்டர் உயரத்துல இருந்தாதான் குழாய்ல 1 பார் பிரஷர் வரும், நெறய மிஷினுக்கு கொறஞ்சது 0.5 பார் வேணும்னு மேனுவல்ல இருக்கு, அப்பிடின்னா 5 மீட்டர். உங்களுக்கு ஒரு தளந்தான், டேங்குலருந்து அடுக்களை குழாய் வரைக்கும் மூணு மூணரை மீட்டர் வந்தா பெருசு. கழுவுற வேகத்துக்கு உள்ள சொந்த மோட்டார் இருக்கு, அதுக்கு கொறவு வராது, ஆனா தண்ணி உள்ள வர்றதுக்கே நேரமாகி நடுவுல எரர் காட்டி நின்னுரும். ஒரு சின்ன பிரஷர் பம்பு போட்டா தீந்துது, அந்த காச இப்பவே பட்ஜெட்ல சேத்துக்கிடுங்க. பிளக் பாயிண்டும் 16 ஆம்பியர்ல தனியா இழுக்கணும், இன்வெர்ட்டர் லைன்ல குடுக்கக் கூடாது.

இப்ப கம்பெனிக்கு வாறேன். கொழுந்தன் சொல்லுறதுல தப்பில்ல, ஐரோப்பாலயே கரண்ட்ல ஓடுற மொத டிஷ்வாஷர 1929 ல செஞ்சது மீலேதான், நல்ல கட்டு. ஆனா அதுல சில மாடல்ல சோப்புத்தூள் ஒரு வட்ட டப்பாவா வரும், தானா அளந்து போடும், சௌரியந்தான், அது தீந்தா அவுககிட்டயே வாங்கணும். அதுக்கு முன்ன சர்வீஸ் ஆளு திருநெல்வேலிலயே இருக்காரா இல்ல மதுரைலருந்து வரணுமான்னு கேளுங்க, கடைக்காரர்ட்ட மட்டும் கேட்டா போதாது, கம்பெனி நம்பர்ல கூப்பிட்டு உங்க பின்கோடச் சொல்லி கேளுங்க. ஆளு இங்கன இல்லன்னா எனக்கு அந்த மிஷின் வேண்டாம், எவ்வளவு ஒசத்தியா இருந்தாலும்.

காசு ஏற ஏற என்ன கூடுதுன்னா சத்தம் கொறையும், கரண்டி வைக்க மூணாவது தட்டு ஒன்னு வரும், காய வைக்கிற விதம் மாறும். போஷ்லயும் சீமன்ஸ்லயும் ஒசந்த மாடல்ல ஜியோலைட்னு ஒரு தாதுக்கல்லு வச்சிருக்காவ, ஈரத்த உறிஞ்சி சூட்ட வெளிய விடும், பிளாஸ்டிக் டிபன் பாக்ஸ் கூட காஞ்சு வரும். தூத்துக்குடி மாதிரி கடக்காத்து உள்ள ஊருன்னா அதுக்கு காசு போடலாம்பேன். நம்ம ஊரு வெயிலுக்கும், வீட்டுல எவர்சில்வர் ஏனந்தான் கூடன்னா, முடிஞ்சதும் கதவு தானா திறக்குற மாடலே தாராளம். போன்ல இருந்து ஓட்டுற வசதிக்கு ஒத்த ரூவா கூட குடுக்காதீய.

60 சென்டிமீட்டர் அகலம், 13 இல்லன்னா 14 பேரு சாப்புடுற ஏனம் கொள்ளுற செட்டு, 70 டிகிரி கடாய் புரோகிராம், மேல் தட்டு ஏத்தி எறக்குற மாதிரி, கீழ்தட்டு கம்பி மடங்குற மாதிரி, இதுல ஒன்னும் விட்டுக்குடுக்காதீய. கடைக்குப் போறப்ப ஒரு பையில உங்க தூக்குச்சட்டி, கும்பா, சோறு வடிக்கிற பானை, பெரிய குழம்புச்சட்டி எல்லாத்தையும் தூக்கிட்டுப் போயி அங்கனயே அடுக்கிப் பாருங்க, மேல தட்டுல பெரிசு இடிச்சு தண்ணி அடிக்கிற கை சுத்தலன்னா எத்தன பேர் செட்டுன்னாலும் பிரயோஜனமில்ல. உங்க வீட்டுக்கு நான் சொல்லுறது, இது எல்லாம் இருக்க நடுத்தரத்துக்கு மேல உள்ள போஷ் மாதிரி ஒன்னு, மிச்ச காசுல பம்பும் ஆத்துத் தண்ணிக்கு தனி லைனும்.

அத்தைகிட்ட சண்டைக்கு நிக்காதீய. சோப்புத் தண்ணிய முழுசா வெளிய தள்ளிட்டுதான் புதுத் தண்ணி எடுக்கும், கடைசி அலசலும் சூடாத்தான் வரும், வாடை நிக்காது. ஆனா அவுக மனசுக்கு இது பதிலாவாது. மீன் வைக்கிற அன்னைக்கு அத தனியா ஒரு தடவ ஓட்டிருங்க, எக்கோங்கிற சிக்கன புரோகிராம்ல ஒரு வாஷுக்கு ஏறக்கொறைய 10 லிட்டர் தண்ணிதான் ஆவும், அங்கணத்துல குழாயத் திறந்துவிட்டு கழுவுறதுல பாதி கூட இல்ல. சோத்துப் பருக்கை, கறிவேப்பிலை, முருங்கக்கா சக்கைய மட்டும் தட்டிவிட்டு வைங்க, தேய்ச்சு அலசி வைக்கணும்னு இல்ல, சோப்புல இருக்க நொதி மாவுச்சத்த தின்னுரும்.

கேள்வி: அம்பாசமுத்திரத்துலருந்து எழுதுதேன். ஆச்சி குடுத்த வெண்கல உருளி, இரும்பு தோசைக்கல்லு இதெல்லாம் டிஷ்வாஷர்ல போடலாமா?

பதில்: வேண்டாம். தோசைக்கல்லுல வருஷக்கணக்கா ஏறுன எண்ணெப் பதம் ஒரே வாஷ்ல போயி மறுநாளே துரு பிடிக்கும். வெண்கலம், பித்தளை கறுத்துரும், அதுக்கு புளியும் கையுந்தான். அலுமினிய குக்கரும் சோப்புல உள்ள காரத்துக்கு சாம்பல் நெறமா மாறும். செரட்டை அகப்பை வெடிச்சுரும். பிளாஸ்டிக் டப்பா மேல் தட்டுல மட்டும், அதுல ஏறுன மஞ்சக் கறை எந்த மிஷின்லயும் போவாது, ரெண்டு நாள் நல்ல வெயில்ல காயப் போடுங்க, மங்கிரும்.