ஏஏசி பிளாக் சுவரில் விரிசல்: இப்போதைக்கு இடிக்க வேண்டாம்

வணக்கம் சகோ. மாடியில் ஏஏசி பிளாக் (காற்றுக் குமிழிகள் நிறைந்த, எடை குறைந்த கான்கிரீட் கல்) சுவர் பூசிய மூன்றே மாதத்தில் தூணை ஒட்டி நேர்கோடாக விரிசல் வந்துவிட்டது, இடித்துவிட்டுச் செங்கல்லே வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

அவசரப்பட்டு இடிக்காதீர்கள். தூணின் கான்கிரீட்டும் பிளாக்கும் வெயிலுக்கும் ஈரத்துக்கும் ஒரே அளவில் விரிந்து சுருங்குவதில்லை. அதனால் இரண்டும் சேருமிடத்தில் பூச்சு பிளப்பது அடிக்கடி நடப்பதுதான். கோட்டின் இரு பக்கமும் அரைச் சாண் பூச்சைக் கொத்தி எடுத்து, ஃபைபர் மெஷ் (இழை வலை) பதித்துத் திரும்பப் பூசச் சொல்லுங்கள்.

மீதிச் சுவரைக் கட்டும் முன் கொத்தனாரிடம் கட்டாயம் பேசிவிடுங்கள். செங்கல் போல பிளாக்கைத் தொட்டியில் ஊறப்போடக் கூடாது. ஊறிய பிளாக் சுவரில் ஏறிய பிறகு காய்ந்து சுருங்கும். பல விரிசல்கள் அங்கேதான் தொடங்குகின்றன. லேசாகத் தண்ணீர் தெளித்தால் போதும். பிளாக்குக்கென்றே விற்கும் ஒட்டுக்கலவை 3 மி.மீ. கனத்தில் போதும். உத்திரத்துக்கு அடியில் உள்ள இடைவெளியை அன்றே அடைக்காமல் சில நாள் விட்டு அடையுங்கள்.

ஆனால் விரிசல் படிக்கட்டு போலச் சாய்வாக ஓடினால் விஷயம் வேறு, கட்டமைப்புப் பொறியாளர் நேரில் பார்க்க வேண்டும். இப்போதே விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் குறித்துத் தேதி போட்டு வையுங்கள், நீள்கிறதா என்று தெரியும்.