மகளின் மருத்துவப் படிப்புக்கு வீட்டின் மேல் கடன் வாங்கலாமா?

கேள்வி: நான் தஞ்சாவூர்க்காரன், ஹூஸ்டனில் வசிக்கிறேன். மனைவி பிலிப்பைன்ஸின் இலோய்லோவிலிருந்து செவிலியராக இங்கு வந்தவர். மகள் உயிரியல் பட்டப்படிப்பில் மூன்றாம் ஆண்டு. வரும் மே மாதம் மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்க இருக்கிறாள். பிலிப்பினோ வம்சாவளி என்பதால் தனி முன்னுரிமையும் உதவித்தொகையும் கிடைக்கும் என்கிறார்கள் நண்பர்கள். மணிலாவிலேயே படித்தால் 60,000 டாலருக்குள் எல்லாம் முடிந்துவிடும் என்கிறார் என் மைத்துனி. எங்கள் இருவரின் ஆண்டு வருமானம் 1,90,000 டாலர். மகள் பெயரில் 529 என்ற வரிச்சலுகையுள்ள கல்விச் சேமிப்புக் கணக்கில் 90,000 டாலர் இருக்கிறது. மனைவி இப்போதே வார இறுதிகளில் கூடுதல் இரவுப் பணி பார்க்கிறார். வீட்டின் மேல் கடன் வாங்கலாமா, அல்லது ஓய்வுக்காலச் சேமிப்பான 401(கே) பணத்தை எடுக்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். அதற்கான கணக்கைப் பார்ப்பதற்கு முன், நண்பர்கள் சொன்னதைச் சரிசெய்ய வேண்டும், ஏனெனில் வராத பணத்தை வரவில் எழுதிக்கொண்டு திட்டமிட்ட குடும்பங்கள் பின்னால் படும் பாட்டை நான் பார்த்திருக்கிறேன்.

அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் வம்சாவளிக்கென ஒதுக்கப்பட்ட இடம் எதுவும் கிடையாது. 1978இல் ஆலன் பாக்கி (Bakke) என்ற விண்ணப்பதாரரின் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் அத்தகைய ஒதுக்கீட்டைத் தள்ளிவிட்டது, 2023 ஜூன் மாதத் தீர்ப்பு இனத்தையே ஒரு தகுதியாக எடைபோடும் வழக்கத்தையும் முடித்துவைத்தது. பிலிப்பினோக்கள் பெரும்பாலான புள்ளிவிவரங்களில் 'ஆசியர்' என்ற பெரிய தலைப்புக்குள் அடங்கிவிடுவதால், செவிலியர்களாக இந்நாட்டு மருத்துவமனைகளைத் தாங்கிவரும் ஒரு சமூகத்தின் பிள்ளைகள் மருத்துவர்களாக எத்தனை பேர் வருகிறார்கள் என்பது பெரும்பாலும் தனியாகத் தெரிவதே இல்லை. இது எனக்கு வருத்தம் தரும் உண்மை. ஆனால் பின்னணி தன் வாழ்க்கையை எப்படி வடிவமைத்தது என்பதை மாணவி தானே எழுத அந்தத் தீர்ப்பு தடை சொல்லவில்லை. இரவுப் பணி முடிந்து காலையில் வீடு திரும்பும் அம்மாவைப் பார்த்து வளர்ந்ததையும், மருந்துச் சீட்டைப் பாட்டிக்கு அவர் மொழியில் விளக்கிச் சொல்லியிருந்தால் அதையும் உங்கள் மகள் தன் கட்டுரையில் நேர்மையாக எழுதலாம். அது விண்ணப்பத்துக்கு வலு சேர்க்கும். உங்கள் வரவு செலவுக் கணக்கில் அதற்கு ஒரு டாலர் கூட எழுத வேண்டாம்.

இனிப் பணம். 2026 ஜூலை 1 முதல், புதிதாகக் கடன் வாங்குவோருக்கு, படிப்பின் முழுச் செலவுக்கும் கூட்டரசு தந்துவந்த கிராட் பிளஸ் கடன் கிடையாது. மருத்துவ மாணவர் கூட்டரசிடம் ஆண்டுக்கு 50,000 டாலரும் மொத்தத்தில் 2,00,000 டாலரும் மட்டுமே வாங்க முடியும், வட்டியோ முதல் நாளிலிருந்தே ஏறும். தனியார் கல்லூரியில் நான்காண்டுச் செலவு 3,90,000 டாலரை ஒட்டி வருகிறது. அதில் உங்கள் 90,000 போக மூன்று லட்சம். கூட்டரசுக் கடன் இரண்டு லட்சம். மீதி ஒரு லட்சத்துக்குத் தனியார் வங்கியில் நீங்களே கூட்டாகக் கையெழுத்திட வேண்டியிருக்கும். வீட்டுக் கடன் என்ற எண்ணம் எழுவது இந்த ஒரு லட்சத்தால்தான்.

ஆனால் நீங்கள் டெக்சாஸில் இருக்கிறீர்கள், அதைவிடப் பெரிய உதவித்தொகை உங்களுக்கு வேறு எங்கும் கிடைக்காது. இம்மாநில அரசு மருத்துவக் கல்லூரிகளில் பொதுவாக வெளிமாநிலத்தவருக்குப் பத்து சதவீத இடங்களுக்கு மேல் தரக்கூடாது. உள்ளூர் மாணவருக்கு ஆண்டுக் கல்விக் கட்டணம் 20,000 டாலரை ஒட்டியே இருக்கிறது. ஹூஸ்டனின் தனியார் மருத்துவக் கல்லூரியான பேய்லர் கூட மாநில மாணவர்களிடம் குறைவாகத்தான் வாங்குகிறது. மகள் வீட்டிலிருந்தே ஹூஸ்டனின் அரசு மருத்துவக் கல்லூரியான மெக்கவர்னுக்கோ, 2020இல் தொடங்கிய ஹூஸ்டன் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரிக்கோ போய்வந்தால், எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 32,000 என்று வைத்துக்கொள்வோம். நான்காண்டுக்கு 1,28,000, 529 போக 38,000. அதை மகள் தன் பெயரில் கூட்டரசுக் கடனாகவே வாங்கிக்கொள்ளலாம், அதற்கு உங்கள் வருமானத்தை யாரும் கேட்கப்போவதில்லை.

மாநிலத்துக்கு வெளியே விண்ணப்பிப்பதாக இருந்தால் பணத்தைக் குறைக்கும் இடங்களையே தேர்ந்தெடுங்கள். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கிராஸ்மன் கல்லூரியிலும், 2024 முதல் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் கல்லூரியிலும் சேரும் எவருக்கும் கல்விக் கட்டணம் இல்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் குடும்ப வருமானம் 3,00,000 டாலருக்குக் கீழ் இருந்தால் இல்லை, உங்கள் வருமானம் அதற்குள் வருகிறது. போட்டி கடுமையானது என்றாலும் விண்ணப்பிக்கத் தயங்க வேண்டாம். கண்ணில் பட்ட கல்லூரிக்கெல்லாம் போட வேண்டாம் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ஒரு குடும்பத்தின் கடன் அட்டைப் பட்டியலில், ஒரே ஜூலை மாதத்தில், நூறு நூறு டாலராக 28 பதிவுகளைப் பார்த்தேன். அத்தனையும், முதல் விண்ணப்பத்துக்குப் பின் ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியே கேட்கும் இரண்டாம் கட்ட விண்ணப்பத்தின் கட்டணம். டெக்சாஸ் கல்லூரிகளின் பொது விண்ணப்பத்துக்கோ, எத்தனை கல்லூரியைக் குறித்தாலும் ஒரே கட்டணம்தான்.

மணிலா விஷயத்தில் உங்கள் மைத்துனி சொல்வதில் நியாயம் உண்டு. மகள் பிறந்தபோது மனைவி பிலிப்பைன்ஸ் குடியுரிமையில் இருந்திருந்தால், அந்நாட்டு அரசியல் சட்டப்படி மகளும் பிறப்பாலேயே குடிமகள். ஆகவே வெளிநாட்டவராக அன்றி அந்நாட்டு மாணவியாகவே என்மேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வெழுதிச் சேரலாம். அங்கேயே மருத்துவராக வாழ விரும்பினால் அது நல்ல வழி. அமெரிக்காவுக்குத் திரும்பும் எண்ணமிருந்தால் கணக்கு மாறுகிறது: 2024இல் இங்கு எம்.டி. (இந்நாட்டில் இதுவே அடிப்படை மருத்துவப் பட்டம்) முடித்த மாணவர்களில் 93 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு ரெசிடென்சி எனும் கட்டாய மருத்துவமனைப் பயிற்சி இடம் கிடைத்தது, வெளிநாட்டில் படித்துத் திரும்பிய அமெரிக்கக் குடிமக்களில் சுமார் 67 சதவீதத்தினருக்கே கிடைத்தது. இடம் கிடைக்காமல் ஓராண்டு கழிந்தாலே, சேமித்ததாக நினைத்த தொகையைவிட அதிகமான மருத்துவர் சம்பளம் கைவிட்டுப் போகக்கூடும். அத்துடன் அந்தக் கல்லூரி அமெரிக்கக் கூட்டரசின் கல்வி உதவிப் பட்டியலில் இல்லையென்றால், 529 பணத்தின் வளர்ச்சிப் பகுதிக்கு வருமான வரியும் பத்து சதவீத அபராதமும் கட்ட நேரிடும். சேர்வதற்கு முன் அந்தப் பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.

ஐம்பத்தொன்பதரை வயதுக்கு முன் 401(கே) பணத்தை எடுத்தால் அங்கும் வரியோடு பத்து சதவீதம் போகும். மகளுக்குப் படிக்கக் கடன் தருவார்கள், உங்கள் ஓய்வுக்காலத்துக்கு எவரும் தரமாட்டார்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது மனைவியின் இரவுப் பணி பற்றிய வரி. மேலே உள்ள 38,000 டாலர் கணக்கை அவரிடம் காகிதத்தில் எழுதிக் காட்டுங்கள். வரும் மாதத்துப் பணி அட்டவணைக்குப் பெயர் கொடுக்கும் முன்பே காட்டுங்கள்.