கம்பி எலும்பை ஒட்டவைக்காது: எலும்பு, முதுகுத்தண்டு கேள்வி பதில்

வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலை பக்கத்து வாசகர்களின் கேள்விகளுக்கு எலும்பு மருத்துவக் குழுவின் பதில்கள்.

கேள்வி: பைக் விபத்தில் என் தம்பிக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து வெளியே தெரிந்தது. அன்றே ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். ஐந்து மாதம் ஆகியும் எக்ஸ்ரேயில் கோடு மறையவில்லை. ‘இன்னும் கூடலை’ என்கிறார்கள். மட்டமான கம்பியை வைத்துவிட்டார்களா டாக்டர்?
— வாசகர், ஆம்பூர்

பதில்: எலும்பை ஒட்டவைப்பது கம்பியின் வேலையே இல்லை. நேராகப் பிடித்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். ஒட்டவைப்பது உடம்பு. முறிந்த இடத்தில் ரத்தம் கட்டி, இரண்டு மூன்று வாரத்தில் அது குருத்தெலும்பாக மாறி, பிறகு சுண்ணாம்புச் சத்து ஏறி இறுகும். உங்கள் முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். தோலுக்கு அடியில் உடனே எலும்பு, நடுவில் சதையே இல்லை. சதைப்பற்று குறைந்த இடத்தில் ரத்த ஓட்டமும் குறைவு என்பதால் டிபியா என்கிற இந்த எலும்பு மெதுவாகத்தான் கூடும். எலும்பு வெளியே வந்த முறிவு என்றால் அதன் மேலுறையும் கிழிந்திருக்கும், இன்னும் தாமதமாகும்.

டிபியாவுக்குக் கம்பி வைத்தவர்களைக் கவனித்து 2008-ல் வெளியான ‘ஸ்பிரிண்ட்’ ஆய்வில் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார்கள்: கூடவில்லை என்பதற்காக ஆறு மாதத்துக்குள் மறு ஆபரேஷன் செய்யக் கூடாது. ஓராண்டு முடிவில் 1,226 பேரில் 57 பேருக்குத்தான் அதற்காகக் கம்பியை மாற்றவோ, எலும்புத் துகள் வைக்கவோ வேண்டியிருந்தது. ஆகவே ஐந்தாம் மாதத்தில் பதற வேண்டாம். சும்மா இருக்கவும் வேண்டாம்.

நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என இரண்டு எக்ஸ்ரே எடுத்தால் எலும்பின் நான்கு ஓரங்கள் தெரியும். அதில் மூன்றில் முறிவுக் கோட்டைத் தாண்டிப் புது எலும்பு பாலம் போட்டிருந்தால் கூடிவிட்டதாகக் கணக்கு. தம்பி காலில் எடை வைக்கிறாரா என்று பாருங்கள். பயந்துகொண்டு மாதக்கணக்கில் ஊன்றுகட்டையிலேயே தொங்கி நடப்பவர்கள் உண்டு. டாக்டர் அனுமதித்த பிறகு எடை இறங்கினால்தான் எலும்புக்குத் தூண்டுதல். காயம் கசிகிறதா, அந்த இடம் சுடுகிறதா? உள்ளே அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கிருமி இருந்தால் அதைத் தீர்த்த பிறகுதான் மற்றதெல்லாம். சர்க்கரை அளவையும் பாருங்கள். பீடி, சிகரெட் பழக்கம் எலும்பு கூடுவதை நன்றாகவே தாமதப்படுத்தும். வீட்டார் எதிரில் கேட்டால் ‘இல்லை’ என்றுதான் சொல்வார். தனியாகக் கேளுங்கள்.

ஆறு மாதத்துக்குப் பிறகும் முன்னேற்றம் இல்லையென்றால் வழிகள் உண்டு. கம்பியை எலும்போடு பிணைக்கும் ஸ்குரூக்களில் ஒரு பக்கத்தில் இருப்பதைக் கழற்றி முறிந்த முனைகள் ஒன்றையொன்று அழுத்த விடலாம். எலும்பின் உட்புறத்தைக் குடைந்து 1 அல்லது 2 மி.மீ. பருமன் கூடிய கம்பி போடலாம். நடுவில் இடைவெளி இருந்தால் இடுப்பெலும்பிலிருந்து துகள் எடுத்து நிரப்புவார்கள். எதுவும் செய்யாமல் மாதக்கணக்கில் இழுத்தால் கம்பியே உடைந்துபோகும், கட்டுக்கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்தால் ஒடிவது மாதிரி. அப்போதும் பெரும்பாலும் குறை கம்பியில் இருக்காது.

கேள்வி: ஏழு வயசுப் பையன் மாமரத்திலிருந்து கையை ஊன்றி விழுந்துவிட்டான். முழங்கைக்குச் சற்று மேலே முறிவு. நாட்டுக்கட்டு போட்டோம். ராத்திரியெல்லாம் அழுகிறான், விரல்கள் வீங்கியிருக்கின்றன. இரண்டு நாளில் சரியாகிவிடுமா?
— வாசகி, போளூர்

பதில்: இதைப் படிக்கிற யார் வீட்டிலாவது இந்த நிலை இருந்தால், முதலில் கட்டை அவிழுங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம்.

முழங்கைக்கு முன்னால்தான் கைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. முறிந்த முனை அதைக் குத்தலாம். முறிந்த பிறகு வீக்கமும் ஏறும். வீங்க இடமில்லாமல் சுற்றிலும் இறுக்கிவிட்டால் சதைக்குள் அழுத்தம் கூடி ரத்தம் போகாது. ஏறக்குறைய ஆறு மணி நேரத்தில் சதை சாகத் தொடங்கும், பிறகு விரல்கள் மடங்கியே நின்றுவிடும். மூங்கில் பத்தையானாலும் மாவுக்கட்டானாலும் ஆபத்து ஒன்றுதான். அதனால்தான் முதல் சில நாள் முழுக்கட்டு போடாமல், ஒரு பக்கம் மட்டும் பட்டை வைத்துத் துணி சுற்றுகிறோம்.

விரலை மெதுவாக நீட்டிவிட்டால் வலியில் அலறுகிறானா? மருந்து கொடுத்தும் வலி ஏறுகிறதா? விரல் மரத்திருக்கிறதா? நிறம் மாறும்வரை காத்திருக்காதீர்கள், அது கடைசியில் வரும் அறிகுறி. மாவுக்கட்டானால் உள்ளே இருக்கும் பஞ்சையும் சேர்த்துத் தோல்வரை வெட்டித் திறக்க வேண்டும். சாதாரண வீக்கத்துக்குக் கையை உயர்த்தி வைக்கச் சொல்வோம். இந்த நிலையில் மட்டும் நெஞ்சு மட்டத்திலேயே வையுங்கள், உயர்த்தினால் வரும் ரத்தமும் குறையும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விலகிய முறிவு என்றால் இரண்டு மூன்று மெல்லிய கம்பி செருகுவார்கள், மூன்று நான்கு வாரத்தில் உருவிவிடலாம்.

கேள்வி: பாட்டிக்கு 78 வயது. குளியலறையில் விழுந்து தொடை எலும்பின் கழுத்து முறிந்துவிட்டது. ‘இந்த வயசில் ஆபரேஷன் எதற்கு, படுக்கட்டும்’ என்கிறார் பெரியப்பா.
— வாசகர், ஆற்காடு

பதில்: பெரியப்பாவிடம் சொல்லுங்கள், இந்த வயதில் ஆபத்தே படுக்கைதான்: புண், நிமோனியா, காலில் ரத்தக்கட்டு. 17 நாடுகளில் 2,970 பேரிடம் நடந்து 2020-ல் வெளியான ஆய்வில், 6 மணி நேரத்தில் ஆபரேஷன் செய்தவர்களுக்கும் 24 மணி நேரத்தில் செய்தவர்களுக்கும் இறப்பில் வித்தியாசமில்லை. மனக்குழப்பம் மட்டும் முதல் பிரிவில் குறைவு. ஓட வேண்டாம், ஆனால் இரண்டு நாளைத் தாண்ட விடாதீர்கள். மறுநாளே உட்கார வைத்து, நிற்க வைக்க வேண்டும். வீடு திரும்புவதற்குள் எலும்புத் தேய்மான சிகிச்சையைப் பற்றிக் கேளுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை போடும் ஜோலெட்ரானிக் ஆசிட் ஊசி அடுத்த முறிவைக் குறைக்கும். சிறுநீரகம், வைட்டமின் டி இரண்டையும் பார்த்துவிட்டே போட வேண்டும்.

கேள்வி: தறி நெய்கிறேன், வயது 45. இடுப்புவலிக்கு எம்.ஆர்.ஐ. எடுத்ததில் ‘டிஸ்க் பல்ஜ்’ என்று வந்திருக்கிறது. ஆபரேஷனா?
— வாசகர், குடியாத்தம்

பதில்: முதுகெலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருப்பது டிஸ்க், அது சற்றுப் பிதுங்கியிருந்தால் பல்ஜ். வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்த 2015 ஆய்வில், 20 வயதிலேயே 30 சதவீதம் பேருக்கும் 80 வயதில் 84 சதவீதம் பேருக்கும் பல்ஜ் இருந்தது. காகிதத்துக்கு ஆபரேஷன் கிடையாது.

வலி புட்டத்திலிருந்து முழங்காலைத் தாண்டிப் பாதம்வரை மின்சாரம் போல இறங்கினால் அது நரம்பு வலி. அப்படிப்பட்ட 283 பேரை இரண்டாகப் பிரித்து நெதர்லாந்தில் நடந்த ஆய்வில் (2007), சீக்கிரம் ஆபரேஷன் செய்தவர்களுக்கு வலி சீக்கிரம் தணிந்தது. ஓராண்டில் இரு பிரிவும் சமம். காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் இடையில் ஆபரேஷனுக்குப் போனார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பொறுக்க முடிந்தால் பொறுக்கலாம். முடியாவிட்டால் அது தப்பில்லை.

சிறுநீர் வராமல் நின்றாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ, பாதம் தொங்கினாலோ அன்றைக்கே வாருங்கள். மற்றபடி படுத்தே கிடக்காதீர்கள். தறியில் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள்.

கேள்வி: மாமியாருக்கு மூன்று மாதமாக நடுமுதுகில் வலி, சாயங்காலம் ஜுரம், எடையும் குறைகிறது. முதுகெலும்பில் டி.பி. என்கிறார்கள். ஆபரேஷன் செய்தே ஆக வேண்டுமா?
— வாசகி, பேரணாம்பட்டு

பதில்: இந்தக் கேள்விக்கு உலகத்துக்கே விடை தந்த ஆய்வுகளில் ஒன்று சென்னையில் நடந்தது. நடக்க முடிகிற நோயாளிகளில் ஒரு பிரிவுக்கு மருந்து மட்டும், இன்னொரு பிரிவுக்கு மருந்தோடு பெரிய ஆபரேஷன். 1999-ல் வெளியான பத்தாண்டு முடிவுகளில் ஆபரேஷன் எந்த விதத்திலும் மேலாக நிற்கவில்லை.

முதலில் ஊசி வழியாகத் திசு எடுத்து, டி.பி.க்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி கட்டுப்படுமா என்று சோதிக்க வேண்டும். கட்டுப்பட்டால் இரண்டு மாதம் நான்கு மருந்து, பிறகு பத்து மாதம் மூன்று மருந்து. அரசு மருத்துவமனையில் இலவசம், சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாயும் உண்டு. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்பட வேண்டாம். பார்வை மங்கினாலோ கண் மஞ்சளானாலோ உடனே காட்டுங்கள். இரண்டு மாதத்தில் வலி போய்விடும், அத்தோடு மாத்திரையை நிறுத்துவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. கால் பலமிழந்தாலோ, கூன் கூடினாலோதான் ஆபரேஷன் பேச்சு. குழந்தைகளுக்கு மட்டும் நோய் குணமான பிறகும் கூன் வளரலாம் என்று கோவை டாக்டர் எஸ். ராஜசேகரன் காட்டியிருக்கிறார். வளர்ந்து முடியும்வரை எக்ஸ்ரே பார்க்க வேண்டும்.

கேள்வி: கணவர் தென்னை மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. முதுகில் ஸ்குரூ வைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இனி என்ன?
— வாசகி, அணைக்கட்டு

பதில்: ஸ்குரூ முதுகை நிறுத்தும், நரம்பை மீட்காது. இனி உங்கள் கையில் இருப்பது தோலும் சிறுநீர்ப்பையும். இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள். வால் எலும்பு, குதிகால் இரண்டையும் தினமும் பாருங்கள், அழுத்தியும் மறையாத சிவப்பு புண்ணின் தொடக்கம். நான்கிலிருந்து ஆறு மணிக்கு ஒருமுறை டியூப் விட்டுச் சிறுநீர் எடுக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்கு 500 மி.லி. தாண்டக் கூடாது.

வேலூரிலேயே பாகாயத்தில் இதற்கென்று மறுவாழ்வு நிலையம் இருக்கிறது, 1966-ல் தொடங்கியது. அதற்குக் காரணமான டாக்டர் மேரி வர்கீஸ், 1954-ல் வாகன விபத்தில் இரண்டு கால்களும் செயலிழந்தவர். சக்கர நாற்காலியிலிருந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தவர். கணவரை அங்கே கூட்டிப்போகும்போது டிஸ்சார்ஜ் சீட்டு, எக்ஸ்ரே, ஒரு வாரத்துச் சிறுநீர் அளவு எழுதிய தாள் மூன்றையும் எடுத்துப்போங்கள்.